நெய்யூர் டாக்டரும் அப்பாவின் வயிற்றுவலியும்

போன மாதம் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க நம்ம மெயின் பஜார் மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், முப்பது வயதிருக்கும். "அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க, காலையில வெறும் வயித்துல போடுவோமே அது" என்றான். கடைக்காரர் பெயர்கூடக் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தார். பையன் காசைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் ஒரு நிமிடம்தான்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. இதே எரிச்சலுக்கும் வலிக்கும் அவர் தன் வயிற்றையே கிழிக்கக் கொடுத்தவர். அந்தக் கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அது அப்பாவின் கதை மட்டுமல்ல. எவரெஸ்டிலிருந்து இறங்கி நேராக எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்த ஒரு டாக்டரின் கதையும்கூட.

நான் 1967இல் நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவன். சொந்த ஊர் குமரி மாவட்டம், இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பிறந்தபோது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அப்பா பனையேறி. விடியும் முன்னே ஏறத் தொடங்கினால் நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் முப்பது நாற்பது மரம். அவர் இறக்கிக் கொண்டுவரும் அக்கானியை (இந்தப் பக்கத்தில் பதநீர் என்பார்கள்) அம்மை காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். அதை விற்றால்தான் அடுப்பெரியும்.

அப்பாவுக்கு இருபத்தைந்து வயதுக்குள் வயிற்றுவலி வந்துவிட்டதாம். பசித்தால் வலிக்கும், ஏதாவது தின்றால் கொஞ்சம் அடங்கும், நடு ராத்திரியில் எழுப்பிவிடும். இரண்டு மூன்று வருடம் போனதும் வாந்தி தொடங்கியது. காலையில் சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே வெளியே வரும். பாதி மரத்தில் வலி பிடித்து, மரத்தைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்ற நாளெல்லாம் உண்டு என்று அம்மை சொல்லுவாள். கீழே அவளும், கைக்குழந்தையாக என் அக்காவும்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "கள்ளு குடிச்சுக் குடல் வெந்துபோச்சு." பனையேறிக்கு வயிற்றுவலி என்றால் வேறென்ன சொல்வார்கள்? அப்பா, "நான் கள்ளு தொட்டதில்லை" என்று சத்தியம் செய்வார். அம்மை நம்பினாளா என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. அந்தப் பேச்சு வந்தால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

1938இல் அப்பாவை நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெய்யூர் ஆஸ்பத்திரி பழையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. அப்பா போன காலத்தில் அங்கே பெரிய டாக்டராக இருந்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் 1890இல் பிறந்தவர். முதல் உலகப்போரில் பிரான்சில் அறுவை மருத்துவராக இருந்து, சொம் போர்க்களத்தில் வரிசையாகக் கிடந்த காயம்பட்டவர்களைப் பார்த்தவர்.

1922இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் சாமர்வெல் ஒருவர். மலோரி, நார்ட்டன் ஆகியோருடன் ஆக்சிஜன் இல்லாமல் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போனார். அதுவரை மனிதன் அந்த உயரத்துக்கு ஏறியதில்லை. ஆனால் ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள். இறந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை என்பது சாமர்வெல்லை மிகவும் உறுத்தியது.

மலையிலிருந்து இறங்கியவர் ஊருக்குப் போகவில்லை. கையில் இருந்த கொஞ்சம் பணத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார். வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே அறுவைக்குத் தகுதி பெற்ற ஒரே டாக்டர், வெளியே நோயாளிகள் வரிசை. உடனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உதவிக்கு நின்றுவிட்டார். லண்டனில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார்.

1924இல் மறுபடி எவரெஸ்ட் போனார். நார்ட்டனோடு ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறியபோது, குளிரில் தொண்டையின் உட்தோல் உறைந்து பெயர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. செத்தோம் என்று உட்கார்ந்தவர், மார்பைத் தானே அழுத்தி அதை வெளியே இருமித் தள்ளிப் பிழைத்தார். அதே பயணத்தில் உச்சிக்குக் கிளம்பித் திரும்பி வராமல் போன மலோரியிடம் இருந்த கேமரா சாமர்வெல்லுடையதுதான் என்பார்கள். மலையேறும் சங்கங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கேமரா அது.

இத்தனையும் பார்த்துவிட்டு நெய்யூருக்குத் திரும்பியவருக்கு அங்கே காத்திருந்தது வேறொரு மலை. வயிற்றுப்புண்.

தெற்குத் திருவிதாங்கூரில் வயிற்றுப்புண் அவ்வளவு சாதாரணம். அதுவும் முக்கால்வாசி இரைப்பையில் இல்லை. இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தில், டியோடினம் என்கிற பகுதியில். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். புண் ஆறி ஆறி மறுபடி வந்து, கடைசியில் அந்த வழியே தழும்பு விழுந்து சுருங்கிவிடும். சாப்பாடு கீழே இறங்காது. இரைப்பை பை மாதிரி வீங்கிக்கொண்டே போகும். காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வாந்தியாக வருவது அதனால்தான். அப்பாவுக்கு இருந்தது இதேதான்.

அந்தக் காலத்தில் மேல்நாட்டில் இதற்கு வைத்தியம், சிகாகோ டாக்டர் சிப்பி 1915இல் சொன்ன பால் பத்தியம். மணிக்கொரு தடவை பாலும் கிரீமும் குடித்துக்கொண்டு படுக்கையில் கிடக்க வேண்டும். ஒரு பனையேறி மணிக்கொரு தடவை பாலுக்கு எங்கே போவான்? படுத்துக் கிடந்தால் பனை யார் ஏறுவது?

அதனால் சாமர்வெல் கத்தியை எடுத்தார். அவர் செய்த ஆபரேஷனை நம்ம நெய்வேலிக்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். சுரங்கத்தில் ஒரு கன்வேயர் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? மண்ணைப் பக்கத்து பெல்டுக்குத் திருப்பிவிடுவோம். அதேதான். அடைத்துப்போன வாசலை அப்படியே விட்டுவிட்டு, இரைப்பையின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, கீழே இருக்கிற சிறுகுடலை மேலே இழுத்து அதோடு தைத்துவிடுவது. சாப்பாடு புது வழியில் இறங்கும். அமிலம் படாமல் பழைய புண்ணும் ஆறும். நெய்யூரில் இந்த ஆபரேஷன் ஆயிரக்கணக்கில் நடந்தது. உலகத்தில் வேறெங்கும் ஒரே ஊரில் இவ்வளவு செய்த டாக்டர்கள் அப்போது அபூர்வம்.

சாமர்வெல் வெறுமனே வெட்டித் தைத்துக்கொண்டிருக்கவில்லை. கணக்கு வைத்தார். யாருக்கு வருகிறது, என்ன வயது, என்ன சாப்பிடுகிறார்கள், ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை பேருக்குத் தையல் போட்ட இடத்திலேயே புதுப் புண் வருகிறது என்று பார்த்தார். தன்னோடு வேலை செய்த டாக்டர் இயன் ஓர் என்பவரோடு சேர்ந்து 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இரணியல் சுற்றுவட்டாரத்துப் பனையேறிகளின், நெசவாளர்களின் வயிறு லண்டன் டாக்டர்கள் படிக்கும் விஷயமாயிற்று.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு? அதற்குப் பதில் தேடிய இன்னொருவர் நம் தமிழ்நாட்டிலேயே, குன்னூரில் இருந்தார். சர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்துக்காரர், 1901இல் ராணுவ டாக்டராக இந்தியா வந்தவர். வடக்கே கில்கிட் பகுதியில் இருந்தபோது ஹுன்சா மக்களிடம் வயிற்றுப்புண், குடல்வால் நோய், பெருங்குடல் அழற்சி எதையும் தான் பார்த்ததே இல்லை என்று 1921இல் அமெரிக்காவில் பேசியிருக்கிறார். குடலைக் கெடுப்பது குறையுள்ள சாப்பாடுதான் என்பது அவர் கட்சி.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் அவர் தொடங்கிய ஆராய்ச்சிதான் பின்னால் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றிருக்கிறது. நடுவில் 1923இல் சிக்கனம் என்று சொல்லி சர்க்கார் அதை மூடியும் வைத்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள்.

மெக்காரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்ற சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். தீட்டிக் கழுவிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி. திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாட்டை, அதாவது மரச்சீனிக்கிழங்கை முக்கியமாக வைத்துக் கொடுத்தபோது, நான்கில் ஒரு எலிக்கு மேல் வயிற்றில் புண் வந்தது. மதராஸ் சாப்பாட்டில் பத்தில் ஒன்று அளவுக்கு. சீக்கியர் சாப்பாட்டில் ஒன்றுக்குமே இல்லை.

மரச்சீனி என்றால் நம்ம கடலூர்ப் பக்கத்து மரவள்ளி, குச்சிக்கிழங்கு. பஞ்சம் தாங்கும் பயிர் என்று திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் அதுதான். அவித்த கிழங்கு, காந்தாரி மிளகாய்த் துவையல், எப்போதாவது மீன். பால் என்பது அடுத்த வீட்டு மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவில் உள்ள விஷயம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. சாமர்வெல்லே செய்தார் என்று அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மற்ற டாக்டர்களும் இருந்தார்கள் என்பதால் எனக்கு அதில் நிச்சயமில்லை. அப்பாவுக்கு நிச்சயமாக இருந்தது, அது போதும். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாகத் தழும்பு. ஆறு மாதம் கழித்து, வயிற்றில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி பனை ஏறினார். அதன் பிறகு முப்பது வருடம் ஏறினார். அவர் ஏறியதால்தான் நான் படித்தேன், நெய்வேலிக்கு வந்தேன். சாமர்வெல் எங்கள் குடும்பத்துக்குச் செய்தது இவ்வளவு.

சாமர்வெல் 1949இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை ஆசிரியராகப் போய் 1961 வரை அங்கே சொல்லிக்கொடுத்தார். 1975இல் இங்கிலாந்தில் காலமானார். அப்பா 1981இல் போனார்.

எனக்கு வலி 1974இல் தொடங்கியது. சுரங்கம் ஒன்றில் கன்வேயர் பராமரிப்பு. நைட் ஷிப்டில் சரியாக ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுக்குழியில் ஆரம்பிக்கும். ரோஸ் கலர் ஜெலுசில் பாட்டில் என் டிபன் பையில் நிரந்தரமாக இருந்தது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, வம்சவாகு என்று நினைத்தேன். டென்ஷன், ஷிப்ட், காரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் காரத்தைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி கைமணம் உள்ளவள், அவள் வீட்டு மீன் குழம்பு எங்கள் வட்டத்தில் பேர் பெற்றது. எனக்காக இருபது வருடத்துக்கு மேல் காரமில்லாமல் சமைத்தாள். அப்படியும் வலி வந்தால், "மிளகாயைக் கொட்டிட்டியா?" என்று நான் அவளிடம்தான் எரிந்து விழுவேன். எண்பதுகளில் ரானிடிடின் மாத்திரை வந்தது. போட்டால் நிற்கும், விட்டால் வரும்.

நடுவில் உலகத்தின் இன்னொரு மூலையில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் டாக்டர் இரைப்பைச் சதையில் சுருள் சுருளான கிருமிகளைப் பார்த்துவிட்டார். அமிலத்தில் கிருமி பிழைக்காது என்று நூறு வருடமாக எல்லாரும் நம்பிய இடம் அது. பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்து அதை வளர்த்துப் பார்த்தார். முப்பது தடவைக்கு மேல் வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை யாரும் எடுக்காமல் ஐந்து நாள் விட்டுவிட, கிருமி தானாக வளர்ந்து நின்றது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக் காட்டினார். ஹெலிகோபேக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர். தன்னைச் சுற்றி அம்மோனியா உண்டாக்கிக்கொண்டு அமிலத்தைச் சமாளிக்கிறது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இதெல்லாம் எனக்கு 1997இல்தான் தெரியும். எண்டோஸ்கோப்பி பார்த்த டாக்டர், "உங்களுக்குக் கிருமி இருக்கு, ரெண்டு வாரம் மருந்து" என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டு ஆன்டிபயாடிக், ஒரு அமில மாத்திரை. பதினான்கு நாள். இருபத்து மூன்று வருட வலி போயே போய்விட்டது. இன்றுவரை வரவில்லை.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரும் என்றார். அப்பா பனையிலிருந்து இறங்கி வந்ததும் அவர் கிழங்குச் சட்டியில் கைவிட்டு நானும் சேர்ந்து தின்பேன். அதை நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி மனைவியிடம், "காரத்தால வரலையாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குழம்பு சிவப்பாக இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்ல ஆசைதான். கேட்கவில்லை, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் ஊருக்குப் போனபோது அம்மையிடம் விவரமாகச் சொன்னேன். அவளுக்கு அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கிருமி என்றேன், கண்ணுக்குத் தெரியாது என்றேன், அப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பம் அவரு சொன்னது நேருதானா மக்களே?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அறுபது வருடமாக அந்தக் கேள்வியை மனசில் வைத்திருந்திருக்கிறாள். "நேருதான் அம்மா" என்றேன்.

கறாராகப் பார்த்தால் அந்தப் பதில் முழுக்கச் சரியில்லை. அப்பாவின் வயிற்றை யாரும் கிருமிக்காகச் சோதித்ததில்லை. கிருமி இருந்தது என்றாலும் அவர் கள்ளு குடிக்கவில்லை என்று அது சாட்சி சொல்லாது. வயிற்றுப்புண்ணுக்குக் கள்ளு தேவையில்லை என்று மட்டும்தான் சொல்லும். ஆனாலும் ஊர் சொன்ன பழிக்கு வேறு ஆதாரமே கிடையாது. அந்த வலிதான் ஆதாரம். அந்த ஆதாரம் போய்விட்டது. அதனால் நான் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை.

அப்படியானால் சாமர்வெல்லும் மெக்காரிசனும் சொன்னது தப்பா? அதையும் அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. இந்தியாவில் இந்தக் கிருமி பாதிக்கு மேற்பட்ட வயிறுகளில் இருக்கிறது. புண் வருவதோ சிலருக்குத்தான். பஞ்சாபில் கிருமிக்குக் குறைவில்லை, ஆனால் தெற்கே அரிசி தின்னும் பகுதிகளில் புண் அதிகமாக இருந்தது. மைசூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர் இந்த வித்தியாசத்தை இந்தியா முழுக்க வரைபடமாகவே போட்டுக் காட்டினார். தவிடு நீக்காத தானியத்தில், பருப்பில் ஏதோ காப்பு இருக்கிறது என்பது அவர் கருத்து. கிருமி விதை என்றால், சாப்பாடு நிலம் என்று வைத்துக்கொள்ளலாம். நெய்யூரிலும் குன்னூரிலும் இருந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். விதை அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

கடைசியாக, என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கெல்லாம் இப்போது வயிற்றுப்புண் வருவதற்கு இன்னொரு பெரிய காரணம் முழங்கால் வலி மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல், வெறும் வயிற்றில் போடாதீர்கள். கேஸ் மாத்திரையை மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போனாலோ, எடை குறைந்தாலோ தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். கிருமி இருக்கிறதா என்று ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

அன்றைக்கு மருந்துக் கடையில் அந்தப் பையனிடமும் இதைச் சொல்லியிருக்கலாம். அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். நான் என் முழங்கால் மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன்.

குமரி மாவட்டத்திலிருந்து நெய்வேலிக்கு வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. உங்கள் அப்பாவோ தாத்தாவோ நெய்யூரில் வயிற்றில் தழும்போடு திரும்பியவராக இருந்தால் எனக்கு எழுதுங்கள்.